முப்பத்தெட்டு

“முப்பத்தேழு புள்ளி ஒன்பதுன்னு போடுங்களேன் சிஸ்டர். ஒரே ஒரு புள்ளி. யாரு வந்து கேக்கப் போறா?”

“இது தர்மாமீட்டர் நாலம்மா, தராசு இல்ல. கூட்டிக் குறைச்சுப் போடறதுக்கு.”

“குழந்தை மேல ரெண்டு போர்வை கிடக்கு பாருங்க. காய்ச்சல் போர்வைக்குத்தான், அவனுக்கில்ல.”

“அப்போ போர்வையை அட்மிட் பண்ணிடலாமா?”

அக்கா, அன்று காலை தாழ்வாரத்தில் சிஸ்டரிடம் இப்படி மல்லுக்கட்டியது நீங்கள்தான். உங்கள் மகளுக்காக அல்ல, என் மகனுக்காக. நான் பக்கத்தில் நின்றேன். சிஸ்டர் வெள்ளைப் பலகையில் ஏழாம் எண்ணுக்கு நேரே 38.0 என்று எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அந்தக் கடைசிச் சுழியம் தேவையில்லாதது என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. முப்பத்தெட்டு என்றாலே எங்களுக்குப் புரிந்திருக்கும்.

மூன்று நாட்களாக உங்கள் போனுக்கு அழைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எடுக்காததில் எனக்கு வருத்தமில்லை. மகள் போன நான்கு மாதத்தில், இந்த ஆஸ்பத்திரியிலிருந்து வரும் எந்த அழைப்பையும் எடுக்க யாருக்கும் கை வராது. அதனால் எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. நடுவில் யாரும் அழமாட்டார்கள். எதற்காக அழைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும். எட்டு அறைகள், எட்டுக் குழந்தைகள், எல்லோருக்கும் ரத்தப் புற்று. அறை எண்தான் அம்மாக்களுக்கும் பெயர், நீங்கள் நாலம்மா, நான் ஏழம்மா. மருந்தில் நோய் அடங்கியிருக்கும் நேரம் பார்த்து மஜ்ஜையை மாற்ற வேண்டும். அதற்குத் தாழ்வாரத்தின் கோடியில் ஒரே ஒரு கண்ணாடி அறை. வடிகட்டிய காற்று, இரண்டு கதவுகள், பெற்றவர்கள்கூட உள்ளே போகக்கூடாது. ஒரு குழந்தை உள்ளே போனால் வெளியே வர ஆறு வாரம். முறை வந்த குழந்தைக்கு ஒரு காலை முப்பத்தெட்டு காட்டினால் போதும், பட்டியலில் அதன் பெயர் கீழே இறங்கும், அடுத்த பெயர் மேலே ஏறும்.

அன்று மேலே இருந்தது என் மகன். நான்கு வயதில் மொட்டைத் தலையும் பின்னால் கட்டிய கையுமாக நடப்பான் என்று நீங்கள்தான் அவனுக்குப் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்தீர்கள். மறுநாள் அவன் கண்ணாடி அறைக்குள் போக வேண்டியவன். காலையில் முப்பத்தெட்டு. மதியம் முப்பத்தாறு புள்ளி ஒன்பது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அதேதான். ரத்தத்தை மூன்று முறை எடுத்துப் பார்த்தார்கள், ஒரு கிருமியும் அகப்படவில்லை. நீங்கள் சொன்னதுபோல் அது போர்வையின் காய்ச்சல். ஆனால் பட்டியல் அதற்குள் மாறிவிட்டது. உங்கள் மகளுக்கு இரண்டு வாரம் கழித்து நாள் குறித்தார்கள்.

டாக்டரிடம் கேட்டேன்.

“இப்ப நோய் தூங்குதும்மா,” என்றார். “இன்னும் ரெண்டு மாசம் தூங்கும்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது.”

“நாலாம் ரூம் பொண்ணுக்கு?”

“அவளுக்குக் கொஞ்சம் பொறுக்கலாம். ஆனா பட்டியல்னு ஒண்ணு வெச்சா அதுபடிதாம்மா போகணும். இல்லன்னா தினம் ஒரு அம்மா வந்து நிப்பீங்க.”

‘அவளுக்குக் கொஞ்சம் பொறுக்கலாம்.’ அந்தச் சொற்களை நான் திரிக்கவில்லை. டாக்டர் வாயிலிருந்து வந்தவை. நான் செய்தது எல்லாமே அந்தச் சொற்களை நம்பித்தான்.

முதலில் நேர்வழியில்தான் கேட்டேன், அதை நீங்கள் மறுக்கமாட்டீர்கள். டம்ளர்களைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தோம், நீங்களும் நானும் மட்டும்.

“அக்கா, உங்க பொண்ணு தாங்குவா. என் பையன் தாங்கமாட்டான். முறையை மாத்திக்கலாமா? நீங்க சொன்னா டாக்டர் கேப்பாரு.”

நீங்கள் இடுக்கியால் ஒரு டம்ளரை எடுத்து வெளியே வைத்தீர்கள்.

“பஸ்ல சீட்டு கேக்கற மாதிரி கேக்கறியே ஏழம்மா. இது நான் எழுந்து குடுக்கற சீட்டாடி?”

பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். நானும் அழுதேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எழுந்து தராதவர்களை யார்தான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டேன். ஏதாவது செய்ய முடியும் என்று தோன்றியது நான்கு நாட்கள் கழித்துத்தான்.

நாத்தனார் போன் செய்தாள். என் மூத்தவள் அவள் வீட்டில்தான் இருந்தாள்.

“அண்ணி, பாப்பாவுக்கு நல்ல காய்ச்சல். தொண்டை வீங்கியிருக்கு, கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கு. ஸ்கூல்ல பாதிப் பேருக்கு இதான். நீங்க வந்துடாதீங்க, உங்களுக்கு ஒட்டிக்கும்.”

நான் போனேன். மூத்தவளுக்கு ஒரே சந்தோஷம். பல வாரங்களாக என்னைப் பார்க்காதவள். அன்று முழுக்க அவளோடு ஒரே தலையணையில் படுத்திருந்தேன். அவள் குடித்து வைத்த கஞ்சியின் மிச்சத்தை அதே டம்ளரில் குடித்தேன். நாத்தனார் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். “இது என்ன பாசமோ, அளவே இல்லாம,” என்றாள். பாசம்தான். யாருக்கான பாசம் என்று அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் எனக்குத் தொண்டையில் முள் குத்தியது. கண்ணாடியில் பார்த்தேன், கண் கொஞ்சம்தான் சிவந்திருந்தது, தூக்கமில்லாத எல்லா அம்மாக்களுக்கும் இருக்கும் சிவப்பு. ஏழாம் அறைக்கு என் கணவரை அனுப்பினேன். “எனக்குத் தொண்டை கரகரங்குது, நான் குழந்தைகிட்ட வரமாட்டேன், நீங்க லீவு போட்டு இருங்க,” என்றேன். என் பொறுப்புணர்ச்சியைப் பற்றி அவர் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னாராம். அவன் கண்ணாடி அறைக்குள் போகும்வரை நான் ஏழாம் அறை வாசலை மிதிக்கவில்லை. எனக்கு எவ்வளவு கவனம் என்று இதிலிருந்தே தெரியும்.

தாழ்வாரத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு நோட்டு இருக்கும். இருமல், சளி, காய்ச்சல், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா. நான்கு கேள்விகள், நான்கு ‘இல்லை’. நாம் எல்லோரும் தினமும் படிக்காமலே போடும் ‘இல்லை’கள். நான் அன்று நான்கையும் படித்துவிட்டுத்தான் போட்டேன். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும் என்பது என் பழக்கம். நேராக உங்கள் நாலாம் அறைக்கு வந்தேன்.

“அக்கா, வீட்டுல உங்க சின்னவனைப் பாத்து எத்தன நாளாச்சு? போய்க் குளிச்சு, அவனுக்கு ஒரு வாய் ஊட்டிட்டு வாங்க. ரெண்டு மணி நேரம் நான் பாத்துக்கறேன்.”

“உன் பையன்?”

“அவங்க அப்பா இருக்காரு.”

நீங்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். அது எனக்குக் கூச்சமாக இருந்தது.

உங்கள் மகளைத் தாழ்வாரம் முழுக்கக் ‘கண்டக்டர்’ என்றுதானே கூப்பிடுவோம். மருந்துப் பை தொங்கும் கம்பிதான் அவளுடைய பேருந்து. காலையில் சிஸ்டர் குறித்துப்போட்ட துண்டுச் சீட்டுகளைக் கிழித்து டிக்கெட் தருவாள். நான் உள்ளே போனதும் உதட்டைக் குவித்து விசில் அடித்தாள். முன்பல் இரண்டும் இல்லாததால் காற்றுதான் வந்தது.

“உள்ள போ, உள்ள போ. படியில நிக்காத.”

“கண்டக்டர், ஒரு டிக்கெட்.”

“மாஸ்க் போட்டவங்களுக்கு டிக்கெட் கிடையாது. பாஸ் செக்கிங். முகத்தைக் காட்டணும்.”

அவளாகக் கேட்டாள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அவளே கேட்டாள். கழற்றினேன். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஃபோட்டோல இருக்கறது நீங்கதான், உக்காருங்க,” என்றாள்.

“எங்க இறங்கணும்?”

“நீயே சொல்லு.”

“நான் எப்படிச் சொல்றது? காதுல சொல்லுங்க. சத்தமாச் சொன்னா எல்லாரும் அங்கயே இறங்கிடுவாங்க.”

அவள் காதருகே குனிந்து ஊர்களைச் சொன்னேன். நான் கதைகளில் மட்டும் படித்த ஊர்கள். பனி விழும் துறைமுகங்கள், மணி அடிக்கும் சதுக்கங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவள் கழுத்தை நெளித்துச் சிரித்தாள். என் மூச்சு பட்டுக் கூசியிருக்க வேண்டும். உலகத்தில் எங்கெல்லாம் பேருந்து போகுமோ அங்கெல்லாம் நாங்கள் போய்வந்தோம். அவளுக்கு அந்த மதியம் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

ஒரு நாள் போதாது என்று எனக்குப் பட்டது. அடுத்த நாளும் உங்களை வீட்டுக்கு அனுப்பினேன். அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் அவள் தண்ணீர் கேட்டாள். சூடு சரியாக இருக்கிறதா என்று முதலில் நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது முப்பத்தெட்டு. அதற்கு மேல் ஒரு புள்ளிகூட நான் ஆசைப்படவில்லை. ஒரு காலை, பலகையில் நான்காம் எண்ணுக்கு நேரே ஒரு முப்பத்தெட்டு. என் மகனுக்கு வந்ததுபோல் வந்து, மதியமே போய்விடும் ஒன்று. பட்டியல் பழைய வரிசைக்குத் திரும்பும். அவன் முதலில், அவள் அடுத்து. முதலில் இருந்ததுதானே அது. நான் எதையும் புதிதாக மாற்றவில்லை.

நான் அவளிடம் வந்த ஆறாம் நாள் காலை, நான்காம் எண்ணுக்கு நேரே முப்பத்தெட்டு புள்ளி நான்கு. நீங்கள் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அன்று உங்களுக்காகச் சிஸ்டரிடம் பேசியது நான்தான்.

“இன்னொரு தடவை பாருங்க சிஸ்டர். போர்வையா இருக்கும்.”

“நீங்களுமா ஏழம்மா,” என்றார் சிஸ்டர்.

ஐந்து நாளில் என் மகன் கண்ணாடி அறைக்குள் போனான். உள்ளே போனதும் பழைய மஜ்ஜையை எரிக்கும் மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். அந்த மருந்துக்குப் பிறகு திரும்பி வரும் வழி கிடையாது.

உங்கள் மகளின் காய்ச்சல் மதியம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. எட்டாம் நாள் முப்பத்தொன்பது புள்ளி ஆறு. வயிறு வீங்கியது, கல்லீரலும் மண்ணீரலும் பெருத்துவிட்டன என்றார்கள். ரத்த அணுக்கள் எல்லாம் ஒன்றாக இறங்கின. புற்று திரும்பிவிட்டதோ என்று மஜ்ஜையைக் குத்திப் பார்த்தார்கள். புற்று இல்லை. வேறொன்று இருந்தது. டாக்டர் நம் எல்லோரையும் தாழ்வாரத்தில் நிற்கவைத்துச் சொன்னது நினைவிருக்கிறதா?

“கிருமி வந்தா உடம்புல இருக்கற காவல்காரங்க விசில் அடிச்சு ஒருத்தரையொருத்தர் கூப்பிடுவாங்க. அடிச்சு விரட்டினதும் விசிலை நிறுத்தணும். நம்ம கண்டக்டருக்கு விசில் நிக்க மாட்டேங்குது. இத்தன நாள் மருந்துல அவ உடம்பு குழம்பிக் கிடக்கு, நிறுத்தற ஆள் இல்ல. இப்ப வீட்டு ஆளுங்களையே அடிக்கறாங்க. நல்ல ரத்தத்தைத் தின்னறாங்க.”

“மருந்து இல்லையா?” என்று கேட்டீர்கள்.

“இருக்கு. காவலை அடக்கற மருந்து. ஆனா அதைக் குடுத்தா கதவு திறந்துடும். உள்ள இருக்கற கிருமி எதுன்னு தெரியாம திறக்க பயமா இருக்கு. எதுன்னு தெரிஞ்சா அதுக்கும் சேர்த்துக் குடுத்துடலாம். டெஸ்ட் வர ரெண்டு நாள் ஆகும். யாராவது சொல்லுங்க, இவகிட்ட வந்தவங்க யாருக்காவது உடம்பு சரியில்லாம இருந்துதா? வீட்டுல? குழந்தைங்களுக்கு? கோபப்படமாட்டேன், தெரிஞ்சா போதும்.”

ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். என்னிடம் வந்தபோது, “இல்ல டாக்டர்,” என்றேன்.

இதற்கு மட்டும் நீங்கள் என்னை மன்னிக்காமல் போகலாம், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். என் மகனின் மஜ்ஜை எரிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தால் அவனை வெளியே எடுத்துவிடுவார்களோ என்ற பயம். அப்படியெல்லாம் எடுக்கமாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அன்று யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். ஒரு பக்கம் என் மகனின் உயிர், இன்னொரு பக்கம் இரண்டே நாள் தாமதம். இரண்டு நாள் என்று டாக்டரே சொன்னார். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் எடைபோட்டிருப்பீர்கள்.

முடிவு வந்தது. பள்ளிக்கூடங்களில் சுற்றும் சாதாரணக் கிருமி, கண் சிவந்து தொண்டை வீங்கும், மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும். அதற்கும் மருந்து ஏற்றினார்கள், காவலுக்கும் ஏற்றினார்கள். அதற்குள் கல்லீரல் கைவிட்டிருந்தது. அவள் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் போனாள்.

இனி நான் சொல்வதைப் பொறுமையாகப் படியுங்கள். கடைசியாக எடுத்த ரத்தத்தில் அந்தக் கிருமி இல்லை. டாக்டர் உங்களிடமே சொன்னார், “கிருமி போயிடுச்சும்மா, காவல்தான் நிக்கல.” நான் அவளுக்குத் தந்தது கிருமி மட்டும். அது சரியாகிவிட்டது. அவளைத் தின்றது அவளுடைய உடம்பு. அதை நான் தரவில்லை. உங்களிடமிருந்தும் அவள் அப்பாவிடமிருந்தும் வந்த உடம்பு அது. இதை யார் மேலும் பழிபோடச் சொல்லவில்லை. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் மனிதர்கள் வீணாகத் தங்களை வருத்திக்கொள்வார்கள். நான் பிரித்துப் பார்த்தேன். அதனால்தான் என்னால் தூங்க முடிந்தது.

இப்போது எதற்காக அழைத்தேன் என்று சொல்கிறேன்.

என் மகன் பிழைத்து வீட்டுக்கு வந்தான். மூன்று மாதம் நன்றாக இருந்தான். போன வாரம் மூத்தவள் பள்ளிக்கூடத்திலிருந்து சளியோடு வந்தாள். நான்கு நாளில் இவனுக்குக் காய்ச்சல். மருந்துக்கு இறங்கவில்லை. வயிறு வீங்கியிருக்கிறது. காவல் நிற்காத அதே நோயின் பெயரைச் சொன்னார் டாக்டர். “வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று அதே கேள்வியையும் கேட்டார். உடனே சொல்லிவிட்டேன், மூத்தவளுக்கு எந்த நாள் தும்மல், எந்த நாள் இருமல், எல்லாம். அன்று மாலையே எந்தக் கிருமி என்று கண்டுபிடித்து இரண்டு மருந்தையும் தொடங்கினார்கள். உண்மையைச் சொன்னால் வைத்தியம் எவ்வளவு சுலபமாகிறது பாருங்கள்.

மருந்து வேலை செய்ய இன்னும் ஐந்தாறு நாள் ஆகும். அதுவரை ரத்தம் உறைவதற்கான தட்டணுக்களை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்றுகிறார்கள், ஒரு மணி நேரத்தில் எல்லாம் அழிந்துவிடுகிறது. ஏழு பேரிடம் எடுத்துவிட்டார்கள். நேற்று ஈறில் கசிந்தது, இன்று மூக்கில். மூளையில் கசிந்தால் அவ்வளவுதான். டாக்டர் பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தார். அவன் கண்ணாடி அறையில் இருந்தபோது ஒருவர் தந்த தட்டணு மட்டும் மூன்று நாள் நின்றிருக்கிறது. “அந்த டோனரைக் கூப்பிட முடியுமா?” என்றார். அது நீங்கள். அன்று உங்கள் மகளுக்கு முப்பத்தொன்பது. அவளுக்கு உங்கள் வகை சேராது என்றதும், “யாருக்காவது சேருமில்ல, எடுத்துக்கோங்க,” என்று கையை நீட்டினீர்களாம். சிஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் மறைத்துவைத்துக்கொண்டு உங்களிடம் வந்து கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. அதனால்தான் முதலில் எல்லாவற்றையும் எழுதினேன்.

நாளைக் காலை எட்டு மணிக்கு ரத்த வங்கி திறக்கிறது. வெறும் வயிற்றில் வந்தால் எடுக்கமாட்டார்கள், ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஒன்றரை மணி நேர வேலைதான், முடிந்ததும் என் கணவர் உங்களை வீட்டில் கொண்டுவந்து விடுவார், அவருக்கு எதுவும் தெரியாது. பெரியவர் உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறான். வருவீர்கள்தானே, அக்கா?